குணமும் கூலியும்: சென்னை மாகாணத்தில் செவிலியர் தொழில் உருவான வரலாறு

பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளில் நடக்கும் வழிகாட்டிக் கூட்டங்களில் ஒரு பட்டியல் தவறாமல் வருகிறது. பிறருக்கு உதவுவதில் மகிழ்ச்சி காணும் இயல்பு உனக்கு இருக்கிறதா? அப்படியானால் செவிலியராகலாம், ஆசிரியராகலாம், சமூகப் பணிக்குப் போகலாம், மனநல ஆலோசகராகலாம். இந்தப் பட்டியலின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. பிராங்க் பார்சன்ஸ் எழுதிய தொழில்தேர்வு பற்றிய நூல் 1909-இல் வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1959-இல், ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் மனிதர்களின் தொழில் நாட்டத்தை ஆறு வகைகளாகப் பிரித்தார். பிறருக்குத் துணைநிற்பதில் நிறைவு காண்பவர்கள் அந்த ஆறில் ஒரு வகை. முதலில் ஒருவரிடம் ஒரு குணம் இருக்கிறது, அதற்குப் பொருத்தமான வேலை வெளியே காத்திருக்கிறது, இரண்டையும் சேர்த்துவைத்தால் போதும் என்பது இந்தச் சிந்தனையின் அடிப்படை. நம் ஊரில் செவிலியர் தொழில் எப்படி உருவானது என்று பார்த்தால் இந்த வரிசை நிற்பதில்லை. இங்கே உதவும் வேலையை யார் செய்வது என்பதை நீண்ட காலம் பிறப்பு முடிவுசெய்தது. பிறகு ஏழ்மையும் மதமும் முடிவுசெய்தன. பயிற்சி, பதிவேடு, விடுதி, மாதச் சம்பளம் என்ற நான்கும் வந்த பிறகே குணமுள்ள ஒரு பெண் தன் குணத்தைத் தொழிலாக்கிக்கொள்ள முடிந்தது. அந்த நான்கில் எதையாவது கொடுக்க மனமில்லாதபோதெல்லாம் குணத்தைப் பற்றிய பேச்சு உரக்க எழுந்தது.

மருத்துவமனைகள் வருவதற்கு முன் தமிழ்க் கிராமங்களில் பேறு பார்த்தவர் மருத்துவச்சி. பெரும்பாலான ஊர்களில் அவர் நாவிதர் குடும்பத்துப் பெண். கணவர் முடி வெட்டுவார், கட்டி அறுப்பார், சில இடங்களில் பச்சிலை வைத்தியமும் பார்ப்பார். பேறு பார்க்கும் கைப்பழக்கம் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்துசேரும். நடுராத்திரியில் ஆள் வந்து கதவைத் தட்டினாலும் போயாக வேண்டும். வலி கண்டவளின் இடுப்பைத் தாங்குவது, தொப்புள்கொடி அறுப்பது, நஞ்சைப் புதைப்பது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது, தாய்க்கு வேது பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தீட்டுத் துணியை எடுத்துப்போவது வண்ணார் வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. கூலி களத்து நெல்லாகவும், பேறு முடிந்ததும் ஒரு புடவையாகவும் அரிசியாகவும் சில்லறையாகவும் கிடைத்தது. ஓர் ஊர் முழுவதையும் கையில் ஏந்தி உலகத்துக்குக் கொண்டுவந்த அந்தப் பெண்ணிடம் இந்த வேலை உன் இயல்புக்குப் பொருந்துகிறதா என்று எவரும் கேட்டதில்லை. இரக்கமே இல்லாதவராக இருந்தாலும் அவர்தான் போக வேண்டும். அடுத்த தெருவில் இரக்கமே உருவான ஒருத்தி இருந்தாலும், அவள் சாதி வேறாக இருந்தால், பேற்றறைக்குள் கைவைக்க முடியாது, தீட்டு ஒட்டிக்கொள்ளும். உதவி எவ்வளவு நெருக்கமாக உடலைத் தொட்டதோ அவ்வளவு இழிவாக அது எண்ணப்பட்டது. இந்த நாட்டில் செவிலியர் தொழிலின் வரலாற்றை எழுதுபவர் தீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் நடந்த ஒவ்வொரு சண்டைக்கும் அடியில் அது கிடக்கிறது.

கோட்டைக்குள் கதை வேறு மாதிரி தொடங்கியது. கிழக்கிந்தியக் கம்பெனி 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு வீட்டில் தன் சிப்பாய்களுக்காக மருத்துவமனை வைத்தது. இன்றைய அரசுப் பொது மருத்துவமனையின் தொடக்கம் அது. அங்கேயும் வெகுகாலம் நோயாளியைத் தூக்கி உட்காரவைப்பதும் கஞ்சி ஊட்டுவதும் புண் கழுவுவதும் பயிற்சி பெற்ற எவரிடமும் இல்லை. வார்டு வேலைக்காரர்களும் சக சிப்பாய்களும் பார்த்தார்கள். இங்கிலாந்தில் 1860-இல் புனித தாமஸ் மருத்துவமனையோடு இணைந்த பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவைத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல், இந்திய மருத்துவமனைகளில் செவிலியர் ஏற்பாடு எப்படி அமைய வேண்டும் என்று 1865-இல் ஒரு விரிவான திட்டம் எழுதித் தந்தார். செலவு அதிகம் என்று அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அந்த மறுப்பை நாம் மறக்கக் கூடாது. உதவும் உள்ளங்கள் கிடைக்கவில்லை என்று திட்டம் கைவிடப்படவில்லை. பணம் ஒதுக்க மனம் வரவில்லை. சென்னை இந்த விஷயத்தில் மற்ற இடங்களை முந்திக்கொண்டது. பிள்ளைப்பேற்றுக்கென்று தனி மருத்துவமனை இங்கே 1844-இலேயே வந்துவிட்டது. பின்னாளில் எழும்பூரில் நிலைகொண்டு, பல தலைமுறைகளின் பிறந்த இடமாக நகரத்தின் நினைவில் பதிந்த ஆஸ்பத்திரி அதுதான். 1854-இல் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர அரசு அனுமதி கொடுத்தது. 1871-இல் பொது மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சி தொடங்கியபோது சேர்ந்தவர்கள் நான்கே பேர்.

அந்த நால்வருக்குப் பின்னால் வந்தவர்களும் பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்தும் இந்தியக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்தும் வந்தவர்கள்தாம். மற்றப் பெண்களுக்கு உதவும் குணம் இல்லாமலா போயிற்று? ஒவ்வொரு கூட்டுக் குடும்பத்திலும் பிறர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவளும், படுத்த படுக்கையான மாமனாருக்குப் பத்து வருஷம் பணிவிடை செய்தவளும் இருந்தார்கள். வீட்டுக்குள் செய்தால் அது கடமை, பெருமை. அதையே வெளியே, அந்நிய ஆணின் உடலைத் தொட்டு, எந்தச் சாதி என்று தெரியாதவரின் மலம் எடுத்து, மாதக் கூலிக்குச் செய்தால் குடும்ப மானம் போகும். மருத்துவமனைக்கு நோயாளியாகப் போவதற்கே பெண்கள் தயங்கிய காலம் அது. வழக்கறிஞரின் மனைவியாகச் சென்னைக்கு வந்த மேரி ஷார்லிப், பெண்கள் வைத்தியமே இல்லாமல் படும் பாட்டைக் கண்டு முதலில் எழும்பூர் பிள்ளைப்பேறு மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட முதல் பெண்களில் ஒருவரானார். 1885-இல் அவர் முயற்சியில் உருவான மருத்துவமனையின் பெயரிலேயே சாதியும், பெண்கள் திரைக்குள் இருக்கும் வழக்கமான கோஷாவும் இருந்தன. திருவல்லிக்கேணியில் இருக்கும் அதற்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அரசு பெயர் மாற்றிய பிறகும் வயதானவர்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லிவந்தார்கள். சாதிப் பெண்களும் கோஷாப் பெண்களும் தயங்காமல் வரத் தனி ஏற்பாடு தேவைப்பட்ட ஊரில், அதே பெண்கள் வெள்ளைச் சீருடை அணிந்து பொது வார்டில் இரவுப் பணி பார்ப்பதை யார் கனவு கண்டிருப்பார்கள்!

இதே நகரத்தில் நடந்த இன்னொரு முயற்சியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சுப்புலட்சுமி 1911-இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்து விதவை என்று அவரைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டுகளில் இளம் பிராமண விதவைகளுக்காக அவர் நடத்திய இல்லம் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸில் இயங்கியது. அங்கே படித்த பெண்கள் பெரும்பாலும் ஆசிரியைகளானார்கள். செவிலியராவது பெருவழியாகவில்லை. உதவும் இயல்பு என்ற ஒரே தலைப்பின் கீழ் இன்று நாம் சேர்த்து எழுதும் இரண்டு தொழில்களில் ஒன்று அந்தப் பெண்களுக்குத் திறந்தது, மற்றொன்று திறக்கவில்லை. கரும்பலகைக்கும் பெஞ்சுக்கும் நடுவே தீட்டு இல்லை. நோயாளியின் கட்டிலில் இருந்தது. ஆசிரியைக்குப் பகல் வேலை. செவிலியருக்கு இரவு வேலை. அந்தப் பெண்களின் மனப்பாங்கை எந்தச் சோதனை வைத்து அளந்திருந்தாலும் இந்த வேறுபாடு அதில் தெரிந்திருக்காது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அழைப்பு என்ற ஒன்று இல்லையா? ஐடா ஸ்கடரை என்ன செய்வது? மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் அவர். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தந்தையோடு இருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பேற்றுவலியில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி அவரை அழைத்ததும், ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று அவர் தந்தையை மறுத்துப் போனதும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும் தமிழ்நாட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. அந்த இரவு அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். இதைவிடத் தூய்மையான உந்துதல் வேறு இருக்க முடியாது என்பதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உந்துதலைக் கொண்டு அவர் என்ன செய்தார்? தன்னைப் போன்ற உள்ளம் படைத்தவர்கள் தானாக வந்துசேரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். பார்சன்ஸின் நூல் அமெரிக்காவில் வெளிவந்த அதே 1909-இல், குணத்தை வெளியே தேடிக்கொண்டிராமல் ஆளை உருவாக்கும் வேலை வேலூரில் நடந்தது. பாடத்திட்டம், தேர்வு, மேற்பார்வை, தங்குமிடம், உணவு, ஒரு பெண் இரவில் பாதுகாப்பாக வார்டிலிருந்து தன் அறைக்குப் போகும் வழி. இவையெல்லாம் இருந்ததால் ஊர்ப்புறக் குடும்பம் ஒன்று தன் மகளை அனுப்பத் துணிந்தது. திண்டிவனத்து இரவில் இறந்த மூன்று பெண்களுக்கு வேண்டியிருந்தது பயிற்சி பெற்ற ஒரு பெண். அவர்களைச் சுற்றி அழுதவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை.

குணமா பயிற்சியா என்ற இந்த வழக்கை இங்கிலாந்தில் வெளிப்படையாகவே நடத்தினார்கள். அதன் எதிரொலி சென்னைக்கும் வந்தது. 1887-இல் எத்தல் பெட்போர்ட் பென்விக் தலைமையில் ஒரு பிரிவினர் செவிலியர் சங்கம் அமைத்து, மருத்துவர்களுக்கு இருப்பதைப் போலத் தங்களுக்கும் அரசுப் பதிவேடு வேண்டும் என்று கேட்டார்கள். அதை உறுதியாக எதிர்த்தவர் நைட்டிங்கேல்தான். நல்ல செவிலியரின் சாரம் அவருடைய ஒழுக்கத்திலும் பண்பிலும் இருக்கிறது. அதைத் தேர்வு வைத்து அளக்க முடியாது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் தகுதியில்லாதவரும் தகுதியுள்ளவராகிவிடுவார் என்பது அவர் வாதம். நவீன செவிலியர் பணியையே உருவாக்கியவரின் வாதம் என்பதால் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதில் உண்மையும் இருக்கிறது; அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அவர் வழியில் போனால் ஒரு செவிலியரின் தகுதிக்கு அவரைப் பயிற்றுவித்த மேற்பார்வையாளரின் நற்சான்றைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. மேற்பார்வையாளர் நல்லவராக இருந்தால் சரி. அவர் மனம் மாறினால் அந்தப் பெண்ணின் பிழைப்பு போகும். வேறு ஊரில் போய் நிற்க அவளிடம் காகிதம் எதுவும் இருக்காது. 1901-இல் நியூசிலாந்து பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. 1919-இல் பிரிட்டன் கொண்டுவந்தது. இந்தியாவில் 1908-இல் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1926-இல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. பதிவேடு, மன்றம், தேர்வு, தவறு செய்தவரின் பெயரை நீக்கும் அதிகாரம் எல்லாம் அதோடு வந்தன. பிறப்பால் வந்த வேலை, இரக்கத்தால் வந்த வேலை என்ற இரண்டு நிலைகளையும் தாண்டி, படித்துத் தேறியவருக்குச் சட்டத்தால் உரிய வேலை என்ற மூன்றாவது நிலைக்குச் செவிலியர் பணி அன்றுதான் வந்தது. நம் பெண்களின் வரலாற்றில் இந்தச் சட்டத்துக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

அந்தச் சட்டத்தைப் புகழும்போதே அதனால் விளைந்த இழப்பையும் சொல்லியாக வேண்டும். பதிவேட்டுக்குள் வர எழுத்தறிவு வேண்டும், பயிற்சிக் காலம் முழுவதும் வீட்டை விட்டுத் தங்க வேண்டும். நாவிதர் குடும்பத்து மருத்துவச்சிக்கு இரண்டும் எட்டாதவை. அவருடைய கையில் இருந்த அறிவு சிறியதில்லை. தலை திரும்பியிருக்கிறதா, கால் முன்னே வருகிறதா என்று வயிற்றைத் தடவியே சொல்லக்கூடியவர்கள் அவர்களில் இருந்தார்கள். சுத்தம் செய்யாத கத்தியால் கொடி அறுத்துக் குழந்தைக்கு வில்வாதம் வர வைத்தவர்களும் இருந்தார்கள். இதைத் திருத்த 1903-இல் கர்சன் பிரபுவின் மனைவி முயற்சியில் நிதி திரட்டி, விக்டோரியா ராணி நினைவாகப் பாரம்பரிய மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தரும் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. பயிற்சி கொடுத்தார்களே தவிர, அவர்கள் ஊரில் வாங்கிய கூலியையும் அவர்கள் மீதிருந்த இழிவையும் அந்தத் திட்டம் தொடவில்லை. ஆகவே அது பெரிய பலன் தரவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பேறுகால மருத்துவ நூல் உட்படப் பலவற்றைத் தமிழாக்கியிருந்தார். அவருடைய மாணவர்கள் ஆண்கள்தாம் என்றாலும், இந்த அறிவைத் தமிழிலேயே கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. அந்த வழியை மருத்துவச்சிகள்வரை யாராவது நீட்டியிருந்தால் கதை மாறியிருக்கலாம். நடந்தது வேறு. கூலி நெல்லாக இருந்தவரை பேறு பார்ப்பது அவர்கள் வேலையாக இருந்தது. அதற்கு மாதச் சம்பளமும் மரியாதையும் வந்தபோது பெரும்பாலும் வேறு குடும்பத்துப் பெண்களின் கைக்குப் போனது. நூற்றாண்டுகளாக உதவியவர்கள் உதவும் தொழிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். குணம்தான் தொழிலைத் தேடித்தரும் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

சுதந்திரம் வரும் நேரத்தில் நிலைமை என்ன? நாட்டின் சுகாதார நிலையை ஆராய ஜோசப் போர் தலைமையில் 1943-இல் அமைக்கப்பட்ட குழு 1946-இல் அறிக்கை தந்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஏறத்தாழ 7,000 செவிலியர்கள்; 43,000 பேருக்கு ஒருவர். பிரிட்டனில் அப்போது முந்நூறு பேருக்கு ஒருவர் இருந்தார். செவிலியர்களின் தங்குமிடமும் வேலை நிலைமையும் பல இடங்களில் பரிதாபமாக இருப்பதாக அந்தக் குழு வெளிப்படையாக எழுதியது. முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களில் ஏழாயிரம் பேருக்கு மட்டும்தான் உதவும் இயல்பு இருந்தது என்று எவரும் வாதிடமாட்டார்கள். அதே 1946-இல் டெல்லியிலும் வேலூரிலும் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947-இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. அடுத்த பத்தாண்டுகளில் துணைச் செவிலியர் பயிற்சி பரவியது. தமிழ்நாட்டில் இன்று கிராம சுகாதார செவிலியர் என்று ஊர்கள் அறிந்த பெண்ணின் முன்னோடி அதில் பயின்றவர்.

பிறகு கேரளத்தில் நடந்தது என் வாதத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்று. மத்திய திருவிதாங்கூரின் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு காலத்தில் செவிலியர் வேலை தயக்கத்தோடு பார்க்கப்பட்டது. நிலம் துண்டானது, வரதட்சணை ஏறியது, வேலை அரிதானது. படிப்புக் காலத்திலேயே உதவித்தொகை தந்த தொழில் என்பதால் மூத்த மகளை அனுப்பத் தொடங்கினார்கள். 1960-களில் மேற்கு ஜெர்மனிக்குத் திருச்சபை வழியாகப் பெண்கள் போனார்கள். பிறகு அமெரிக்கா, எழுபதுகளிலிருந்து வளைகுடா. தங்கையின் கல்யாணம், தம்பியின் படிப்பு, வீட்டுக்குக் கான்கிரீட் கூரை எல்லாம் அந்தச் சம்பளத்தில் நடந்தன. இரண்டே தலைமுறைகளில் உலகெங்கும் மலையாளிச் செவிலியர் என்றால் திறமைக்கும் பொறுமைக்கும் இன்னொரு பெயர் என்றாயிற்று. இரண்டு தலைமுறைக்குள் ஒரு பகுதிப் பெண்களின் பிறவிக் குணம் மாறிவிடாது. காசுக்காக வந்தார்கள் என்று அவர்களைக் குறைத்துப் பேசுபவர்கள், அந்தக் கைகளில் உயிர் பிழைத்தவர்களிடம் பேசிப்பார்க்க வேண்டும். வேலையைச் செய்துசெய்து, நோயாளியின் பார்வையிலிருந்தே வலியைப் படிக்கப் பழகி, ஒருவர் அந்த இயல்பை அடைகிறார். வாசலில் நிற்கும்போது அது அரும்பாகக்கூட இல்லாமல் இருக்கலாம்.

இப்போது நைட்டிங்கேலின் வாதத்துக்குத் திரும்ப வேண்டும். சான்றிதழும் நிரந்தர வேலையும் இருந்தும் வலியில் கத்தும் பெண்ணை அதட்டுபவர்கள், கன்னத்தில் அறைபவர்கள், பிள்ளையைக் காட்டக் காசு கேட்பதைக் கண்டும் காணாமல் இருப்பவர்கள் உண்டே? பதிவேடும் சம்பளமும் இருந்தால் போதும் என்றால் இது ஏன் நடக்கிறது? ஏழைப் பெண்களுக்கு நம் பிரசவ அறைகளில் இழைக்கப்பட்டிருக்கும் அவமானம் உண்மை. அதைச் சாக்குச் சொல்லி மறைப்பது அநீதி. தனி மனிதரின் இயல்புக்கு இதில் பங்கு இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஒரே வார்டில், ஒரே சம்பளத்தில், ஒருவர் அதட்டுவதும் இன்னொருவர் தலையைத் தடவிக்கொடுப்பதும் எல்லோரும் கண்டது. வழிகாட்டிகள் இந்த வேறுபாட்டை மாணவர்களிடம் பேசுவது சரியே. ஆனால் ஐம்பது படுக்கைக்கு ஒருவர் என்று இரவுப் பணிக்கு நிறுத்தப்பட்டால் மென்மையானவரும் விடியற்காலையில் கடினமாகிவிடுகிறார். அதட்டலுக்கு ஆளாகும் பெண் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஏழையாக, தாழ்த்தப்பட்ட சாதியாக, மூன்றாவது நான்காவது பிள்ளை பெறுபவளாக இருக்கிறாள். பழைய தீட்டுதான் புதிய சீருடையில் பேசுகிறது. குணத்தை நம்பும் ஏற்பாட்டில் அவளுக்கு முறையிட இடமில்லை. பதிவேடு இருக்கும் ஏற்பாட்டில் ஒரு மன்றம் இருக்கிறது, விசாரணை இருக்கிறது, நீக்கும் அதிகாரம் இருக்கிறது. அவை செயல்படாமல் கிடக்கும்போது செயல்பட வைக்கக் கேட்கலாம். கெட்ட குணத்தை எதிர்த்து மனுக் கொடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் பேறுகால வரலாற்றின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். 2000-களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை நியமித்து, இருபத்துநான்கு மணி நேரமும் பேறு பார்க்கும் ஏற்பாடு பரவலாயிற்று. மூன்று பேர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் இருந்தால் அவர் எவ்வளவு அர்ப்பணிப்புள்ளவராக இருந்தாலும் இரவில் பூட்டுதான் தொங்கும். மூவர் இருந்தால் முறைவைத்து எப்போதும் ஒருவர் இருப்பார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வலி எடுத்தாலும் கதவு திறந்திருக்கும் என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களுக்கு அப்படித்தான் வந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99 சதவீதத்துக்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. மருத்துவர்கள், ஆம்புலன்ஸ், சாலை, பெண்கல்வி, மகப்பேறு உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இருந்தாலும் அந்தக் கதவைத் திறந்துவைத்தவர்கள் அந்த மூவர்.

அந்த மூவரில் பலருக்கு என்ன கொடுத்தோம்? தொகுப்பூதியம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி 2015-இல் ஆயிரக்கணக்கில் நியமனம் பெற்றவர்களின் மாத ஊதியம் 7,700 ரூபாய். பக்கத்துப் படுக்கையில் அதே வேலையைப் பார்த்த நிரந்தரச் செவிலியரின் சம்பளம் அதைப் போலப் பல மடங்கு. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்கக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் கூடி, பணி நிரந்தரமும் சம வேலைக்குச் சம ஊதியமும் கேட்டு உட்கார்ந்தபோது, சேவைத் தொழிலில் இருப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா, நோயாளிகள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி எழுந்தது. நேர்மையான கேள்விதான்; கைவிடப்பட்ட நோயாளியின் துன்பத்தை எந்த நியாயமும் ஈடுசெய்யாது. ஆனால் கேள்வியின் மற்றப் பாதியையும் கேட்க வேண்டும். நோயாளிக்கு இவர் இல்லாமல் முடியாது என்றால், அந்த இன்றியமையாமை ஏன் சம்பளத்தில் தெரியவில்லை? 1865-இல் நைட்டிங்கேலின் திட்டத்தைச் செலவு என்று தள்ளிய அதே கணக்குத்தான் இங்கேயும் ஓடியது. தனியார் மருத்துவமனைகளில் நிலைமை இன்னும் மோசமாக இருந்ததால் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2016 ஜனவரி உத்தரவைத் தொடர்ந்து அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, இருநூறு படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைச் செயல்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு. கேரளத்தில் செவிலியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதால் 2018-இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் ஏறியது. பெண்களை அதிகமாகத் தொழிலுக்கு அனுப்பிய ஊரில்தான் தொழிலுக்கு விலை கேட்கும் துணிவும் முதலில் வந்திருக்கிறது. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் பட்டயம் முடித்து வெளியே வரும் பெண் தன் முதல் வேலைக்குப் போகும்போது, உனக்கு இதற்கேற்ற மனம் இருக்கிறதா என்று அவளைக் கேட்பவர்கள், அங்கே எத்தனை படுக்கைக்கு எத்தனை பேர், இரவுப் பணிக்குப் பிறகு ஓய்வு உண்டா, சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா என்று மருத்துவமனையையும் கேட்கலாம்.